புறப்படும் முன் எல்லாவற்றையும் நனைத்துப் பார்க்கிறேன்

கேனோ என்ற, துடுப்புப் போட்டுச் செலுத்தும் ஒடுங்கிய படகில் பல நாள் காட்டுப் பயணம் கிளம்புகிறவர்கள் எல்லாரிடமும் ஒரு பொருள் பட்டியல் இருக்கும். என்னிடமும் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியல் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: பொருள் இருக்கிறதா, இல்லையா. அது வேலை செய்யுமா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். சாலை எட்டாத ஏரிக்கரையில், மழை பிடித்துக்கொண்ட மாலையில், அடுப்பு பைக்குள் இருந்தும் எரியவில்லை என்றால் பட்டியலில் போட்ட டிக்கால் யாருக்கும் பயனில்லை. அதனால் பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே எங்கள் வீட்டுக் கூடத்தில் எல்லாவற்றையும் பரப்பிவிடுவேன். பரப்பியதை ஒவ்வொன்றாக எடுத்து, அங்கே அது செய்ய வேண்டிய வேலையை இங்கேயே ஒரு முறை செய்ய வைப்பேன். நனைய வேண்டியதை நனைப்பேன். இருட்டில் பயன்படுவதை இருட்டில் எடுத்துப் பார்ப்பேன். எடை தாங்க வேண்டியதில் எடையைத் தொங்கவிடுவேன்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. பொருள்கள் பயணத்தில் கெடுவதைவிட அலமாரியில் கெடுவதுதான் அதிகம். ரப்பர் வளையங்கள் உலர்ந்து வெடிக்கின்றன. கூடாரத் துணியின் பூச்சு ஈரக்காற்றில் பிசுபிசுத்துப்போகிறது. டார்ச்சுக்குள் மறந்துவிட்ட பேட்டரி கசிந்து தகட்டை அரித்துவிடுகிறது. எலி ஒன்று பையின் மூலையைச் சுவைத்துப் பார்த்துவிட்டுப் போகிறது. இதெல்லாம் யாரும் பார்க்காத மாதங்களில் நடந்து முடிந்துவிடும்.

“போன முறை நன்றாகத்தானே இருந்தது, அக்கா?” என்று தம்பி கேட்பான். படகின் முன்முனையில் அமர்ந்து துடுப்புப் போடுகிறவன் அவன், பின்முனை என்னுடையது.

“அதற்குப் பிறகு அதை யார் திறந்து பார்த்தது? எடுத்து வா” என்பேன். எடுத்து வந்துவிடுவான்.

முதலில் படகு. கழுவித் துடைத்து, இரண்டு ஸ்டூல்களின் மேல் கவிழ்த்து வைக்கிறோம். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் படகின் தோலோடு தோலாகச் சாய்த்துப் பிடித்தால் பகலில் தெரியாத கீறலும் பள்ளமும் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் அவை மறைந்துவிடும். சந்தேகமான இடத்தைச் சுற்றி ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போவேன். நல்ல இடத்தில் கணீரென்ற ஒலி வரும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருந்தால் ஒலி மழுங்கிவிடும். அங்கே சுண்ணக்கட்டியால் வட்டமிடுவேன். இந்தத் தட்டலைத் தம்பியிடம் விடுவதில்லை. என் காது பழகிய வேலை அது.

எங்கள் படகு கெவ்லார். அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் 1965இல் ஸ்டெஃபனி குவோலெக் என்ற வேதியியலாளரின் ஆய்விலிருந்து பிறந்த இழை. எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிட ஐந்து மடங்கு வலிமையானது என்பார்கள். அதனால்தான் ஓர் ஆள் தலைக்கு மேல் தூக்கி நடக்கும் எடையில் இவ்வளவு பெரிய படகைச் செய்ய முடிகிறது. ஆனால் இந்த இழைக்கு வெயில் ஆகாது. மேலே இருக்கும் ரெசின் (இறுகும் பிசின்) பூச்சு தேய்ந்து இழை வெளியே தெரியத் தொடங்கினால் புற ஊதாக் கதிர் அதைப் பழுப்பாக்கி வலுவிழக்கச் செய்யும். தெரிந்த இழையை உப்புத்தாளால் தேய்த்தால் பஞ்சுபோல் பிய்ந்து கிளம்பும். ஆகவே இழையைத் தொடாமல், சுற்றியுள்ள பூச்சை மட்டும் லேசாகச் சொரசொரப்பாக்கி மேலே ரெசின் தடவ வேண்டும். அது முழுவதும் இறுகச் சில நாள் விட வேண்டும். கிளம்பும் வாரத்தில் படகைக் கவிழ்த்துப் பார்க்கிறவர்களுக்கு அந்த நாள்கள் கிடைப்பதில்லை.

அலுமினியப் படகு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி: படகை நிமிர்த்தி வைத்து, உள்ளே ஒரு சாண் உயரத்துக்கும் குறைவாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு வெளியே அடிப்புறத்தைப் பாருங்கள். தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளில் எதில் சொட்டு கட்டுகிறதோ அதுதான் கசியும் ரிவெட். ராயலெக்ஸ் என்ற அடுக்குப் பிளாஸ்டிக்கில் செய்த படகுகள் இப்போது உற்பத்தியில் இல்லை, ஆனாலும் பலர் அவற்றைப் பொக்கிஷமாக வைத்திருக்கிறார்கள். அதில் மரவிளிம்பு இருந்தால் கடுங்குளிரில் பிளாஸ்டிக் அதிகம் சுருங்கும், மரம் அவ்வளவு சுருங்காது. திருகு இருக்கும் துளைகளிலிருந்து விரிசல் ஓடும். பனிக்காலம் முடிந்தபின் அந்தத் துளைகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

படகின் நடுவே குறுக்காக இருக்கும் நுகக்கட்டைக்கு நான் தனியாக நேரம் ஒதுக்குகிறேன். அருவியையோ பாறைத் தடத்தையோ தாண்ட படகைத் தோளில் ஏற்றி நடக்கும்போது மொத்தப் படகும் அந்தக் கட்டையில்தான் நிற்கிறது; கட்டை, இரு முனையிலும் உள்ள போல்ட்டுகளில் நிற்கிறது. ஸ்பேனர் எடுத்து ஒவ்வொரு நட்டையும் இறுக்கிப் பார்க்கிறேன். சுற்றிக்கொண்டே போகும் நட்டு, மரத்தை நசுக்கி உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அங்கே பெரிய வாஷர் போட வேண்டும். இருக்கைகளின் போல்ட்டுகளுக்கும் இதேதான். அதே அளவில் இரண்டு போல்ட்டும் நட்டும் பழுதுப் பெட்டிக்குள் போகும்.

மரவிளிம்புக்கு எண்ணெய் தடவுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் உலரும்போது ஆக்சிஜனோடு சேர்ந்து வெப்பத்தை வெளிவிடுகிறது. சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், தீக்குச்சி இல்லாமலே தீப்பிடிக்கும். துணியை வெளியே ஒற்றைப் படலமாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவையுங்கள்.

துடுப்பில் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டுதான்: அலகும் தண்டும் சேரும் கழுத்து, அலகின் நுனி. கழுத்தை முழங்காலில் வைத்து மெதுவாக அழுத்தினால் விரிசல் வாய் திறக்கும். நுனியில் வார்னிஷ் போயிருந்தால் மரம் தண்ணீர் குடித்து உப்பும். கூடுதல் துடுப்பு ஒன்று கட்டாயம் உண்டு. அது எந்த இடத்தில் கட்டப்படுகிறது என்பதும் முக்கியம். கையிலிருப்பது ஒடிந்த கணத்தில், திரும்பிப் பார்க்காமலே எடுக்க வேண்டிய பொருள் அது.

லைஃப் ஜாக்கெட்டைப் பார்ப்பதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன். முதலில் தோள்பட்டைத் துணி. வெயில் நேராகப் படும் இடம் அதுதான். அங்கே நிறம் வெளுத்திருந்தால் நூலும் தளர்ந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் இழை உதிர்கிறதா என்று பார்ப்பேன். பிறகு தையல், ஒவ்வொரு அங்குலமாக. பிறகு ஃபோம் பலகைகள். விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் பழையபடி எழும்ப வேண்டும். அழுத்திய பள்ளம் அப்படியே நின்றால், அல்லது பலகை சுருங்கி உறைக்குள் ஆடினால், அந்த ஜாக்கெட் ஓய்வு பெற வேண்டும். படகில் இதை இருக்கையாகப் போட்டு உட்காருகிற பழக்கம் பலருக்கு உண்டு. உட்கார உட்கார அந்த ஃபோமில் அடைபட்டிருக்கும் காற்று போகிறது, அதோடு மிதப்பும் போகிறது.

அடுத்து அணிந்துகொள்வது. வார்களை எல்லாம் இறுக்கியபின் தம்பி பின்னால் நின்று என் தோள்பட்டை வார்களைப் பிடித்து மேலே தூக்குவான். ஜாக்கெட் காதுவரை ஏறினால் தண்ணீரிலும் அப்படித்தான் ஏறும். பக்க வார்களை மீண்டும் இறுக்கி, மீண்டும் தூக்கச் சொல்வேன். பயணத்தில் போடப்போகும் குளிர் உடைகளோடும் ஒரு முறை, மெல்லிய சட்டையோடும் ஒரு முறை. கடைசியில் தண்ணீரில் இறங்கி, கால் தரையில் படாத இடத்தில், கையைக் காலை அசைக்காமல் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து மிதந்து பார்க்க வேண்டும். முகவாய் தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும்.

கனடாவில் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட், குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு நடப்பதை மூன்று எண்களில் சொல்வார்: 1, 10, 1. மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம். உடல் வெப்பம் குறைந்து நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம். இதில் எனக்கு உறைப்பது முதல் எண். அந்த ஒரு நிமிடத்தில் வாய் தானாகத் திறந்து காற்றை இழுக்கிறது. தலை நீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீரை. படகில் பக்கத்தில் வைத்திருக்கும் ஜாக்கெட்டை அந்த நிமிடத்தில் எடுத்து மாட்டிக்கொள்வது நடக்காத காரியம். இரண்டாவது எண்ணிலிருந்து என் இன்னொரு பழக்கம் வந்தது. ஜாக்கெட் பையில் இருக்கும் விசில், லைட்டர், கத்தி ஒவ்வொன்றையும் பனிக்கட்டித் தண்ணீரில் கையை முக்கி விறைக்கவிட்டபின் எடுத்துப் பயன்படுத்திப் பார்க்கிறேன். சின்னச் சக்கரத்தை உருட்டிப் பற்றவைக்கும் லைட்டரை அந்தச் சோதனைக்குப் பிறகு ஜாக்கெட்டில் வைப்பதை விட்டுவிட்டோம். சுரண்டினால் தீப்பொறி தெறிக்கும் தடித்த ஃபெரோசீரியம் தீக்கோல் வந்தது. பழகிய கைக்கு அது போதும். விறைத்த விரலுக்கும் அது பிடிபடும்.

கயிறுகள். படகின் இரு முனையிலும் கட்டியிருப்பவை, நீரில் விழுந்தவருக்கு வீசும் எறிகயிற்றுப் பைக்குள் இருப்பது, எல்லாம் மிதக்கும் வகையாக இருக்க வேண்டும். எறிகயிறு பொதுவாக 15 முதல் 20 மீட்டர் நீளமுள்ள பாலிப்ரொப்பிலீன். அதை முழுவதும் வெளியே இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு விரல்களுக்கு இடையே ஓடவிடுகிறேன். தட்டையான இடம், கடினமான இடம், உரோமம் கிளம்பிய இடம் மூன்றும் கண்ணைவிட விரலுக்கு நன்றாகத் தெரியும். திரும்பப் பைக்குள் வைக்கும்போது சுருளாகச் சுற்றக் கூடாது. பிடி பிடியாகத் திணிக்க வேண்டும். சுற்றி வைத்த கயிறு எறியும்போது முடிச்சு விழும். பிறகு வெளியே போய் எறிந்து பார்ப்போம். கை மறந்துவிடும் வித்தை அது.

இப்போது நீர்புகாப் பைகள். இவற்றைத்தான் மக்கள் பார்வையாலேயே பாஸ் போட்டுவிடுகிறார்கள். நான் மூன்று விதமாகப் பார்க்கிறேன். முதலில் இருட்டறையில் எரியும் டார்ச்சைப் பைக்குள் போட்டு வாயை மூடுவேன். ஊசித்துளை இருந்தால் விண்மீன்போல் ஒளி கசியும். ஆனால் அடர்நிறத் தடித்த பைகளில் மடிப்பு உரிந்த இடம் இப்படித் தெரியாது. ஆகவே அடுத்தது காற்று: பையை விரித்துக் காற்றைப் பிடித்து, வாயை மூன்று நான்கு முறை இறுகச் சுருட்டி, கொக்கி மாட்டி, நெஞ்சோடு அணைத்து அழுத்திக் கன்னத்துக்கு அருகே பிடித்தால் கசியும் காற்று தோலில் படும். தொட்டித் தண்ணீரில் அழுத்தினால் குமிழி வரும். குமிழி வருமிடத்தில் மெழுகுப் பென்சிலால் வட்டம்.

மூன்றாவதுதான் உண்மையான தேர்வு. உலர்ந்த செய்தித்தாள் ஒன்றை விரித்துப் பைக்குள் வைத்து, நீரில் மூழ்குவதற்காகக் கல்லும் சேர்த்து, வழக்கம்போல் மூடி, குளியல் தொட்டியின் அடியில் அரைமணி நேரம் போட்டுவைக்கிறேன். வெளியே எடுத்து, பையைத் துடைத்துவிட்டுத் திறந்து, தாளை வெளிச்சத்தில் பிடிப்பேன். ஈரம் பட்ட இடம் சாம்பல் நிறத்தில் கருத்துத் தெரியும். அடியில் கருத்திருந்தால் மூலையில் ஓட்டை. மேல்பகுதியில் வரிவரியாகக் கருத்திருந்தால் ஓட்டை இல்லை. வாயை மடித்தவிதம் சரியில்லை, மடிப்புக்குள் சுருக்கம் விழுந்து அதன் வழியே நீர் இறங்கியிருக்கிறது. பை கசிகிறதா, மூடும் கை கசிகிறதா என்பதை இந்தத் தாள் பிரித்துச் சொல்லிவிடும். கையின் குறை என்றால் மீண்டும் மடித்துப் பழகுவோம்; பையின் குறை என்றால் உட்புறமாக யூரிதேன் பசை தடவி ஒரு நாள் உலரவிட்டு அதே தேர்வை மீண்டும் வைப்போம். தேறிய பைகளிலும் ஸ்லீப்பிங் பேக்கும் மாற்றுடையும் போகிற பைக்குள் தடித்த பிளாஸ்டிக் உறை ஒன்றைப் போட்டுத்தான் கட்டுகிறோம். அவை இரண்டும் நனைந்தால் குளிரில் ஓர் இரவைக் கடத்துவது ஆபத்தான காரியம்.

கூடாரத்தைப் பையிலிருந்து எடுத்ததும் முகர்ந்து பார்ப்பேன். புளித்த வாடை வந்தால் பாலியூரிதேன் பூச்சு சிதையத் தொடங்கிவிட்டது. ஈரப்பதம் அந்தப் பூச்சின் வேதிப்பிணைப்பை அறுக்கிறது. முதலில் ஒட்டும், பிறகு செதிலாக உதிரும். ஒட்டத் தொடங்கிய துணிக்கு மேலே என்ன தடவினாலும் நெடுநாள் நிற்காது. வாடை இல்லை என்றால் முழுவதும் அடித்து நிறுத்தி, குழாயில் தண்ணீரை மழைபோலத் தெளித்துவிட்டு, ஒருவர் உள்ளே படுத்துக்கொள்ள வேண்டும். தையல் ஓரங்களில்தான் முதல் சொட்டு வரும். கம்புகளின் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று புகும் இடத்தில் மயிரிழை விரிசல் வரும். விரலைச் சுற்றினால் தட்டுப்படும். ஜிப் பல் பிடிக்காமல் பிளந்துகொண்டு போனால் பெரும்பாலும் குற்றம் பல்லில் இல்லை, ஓடும் தலைப்பகுதி விரிந்திருக்கிறது. குறடால் இரு பக்கமும் லேசாக அமுக்கினால் பிடித்துவிடும். நன்றாகக் காயவிட்டபின்தான் மடிக்க வேண்டும்.

காற்றுமெத்தையை ஊதி, மேலே புத்தகக் கட்டை அடுக்கி, இரவு முழுவதும் விட்டுவிட்டுக் காலையில் பார்த்தால் போதும். உடைகளைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. பருத்தி வேண்டாம், மழைக்கோட்டு மேல் தண்ணீர் முத்து முத்தாக உருள வேண்டும். கொசுவலையைத் தலையில் போட்டு வெளிச்சத்தைப் பார்த்தால் ஓட்டை தெரியும். டீட் கலந்த பூச்சி விரட்டியைத் தனியாக வையுங்கள். அது கண்ணாடிச் சட்டத்தையும் கைக்கடிகாரத்தின் பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும்.

அடுப்பைப் பற்ற வைத்து ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க விடுங்கள். வெறுமனே எரிகிறது என்று அணைத்துவிட வேண்டாம். திரவ எரிபொருள் அடுப்பு என்றால் பாட்டிலை முன்பும் பின்பும் எடை போட்டால் ஒரு லிட்டருக்கு எவ்வளவு செலவாகிறது என்று தெரியும், பயணத்துக்கு எவ்வளவு தேவை என்ற கணக்கு அதிலிருந்து வரும். பம்ப் அழுத்தம் கொடுக்காமல் நழுவினால் உள்ளே இருக்கும் தோல் வட்டு உலர்ந்து சுருங்கியிருக்கும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு விரித்துவிட்டால் உயிர் வந்துவிடும். ரப்பர் வளையத்தை வளைத்துப் பார்த்து வெடிப்புத் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். கேஸ் டப்பா வகை என்றால் உள்ளே என்ன கலவை என்று படியுங்கள். சாதாரண பியூட்டேன் -0.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆவியாகாது. ஐசோபியூட்டேன் ஏறத்தாழ -12 வரை தாங்கும், புரொப்பேன் -42 வரை. எரிய எரிய டப்பா தானே குளிர்ந்துபோவதால், வெளிக்காற்று உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கும்போதே வெறும் பியூட்டேன் அடுப்பு திணறும். எந்த அடுப்பையும் மூடிய கூடாரத்துக்குள் எரிக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு வாடை கிடையாது.

தண்ணீர் வடிகட்டிதான் எனக்கு எப்போதும் கவலை தரும் பொருள். மெல்லிய குழல்போன்ற இழைகள் வழியே நீரை வடிக்கும் குழல் இழை வடிகட்டிகளின் துளை 0.1 அல்லது 0.2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). வயிற்றைக் கலக்கும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியின் கூடு ஏறத்தாழ 10 மைக்ரான் நீளம், ஆகவே உள்ளே நுழையாது. வைரஸ் மிகச் சிறியது. சாதாரண வடிகட்டி அதைத் தடுக்காது. ஆனால் என் கவலை அதைப் பற்றியது அல்ல. ஒருமுறை நனைந்த வடிகட்டி உறைந்துபோனால் உள்ளே இருக்கும் நீர் விரிந்து இழைகளைக் கிழித்துவிடும். வெளியே எந்த அடையாளமும் இருக்காது. தண்ணீர் முன்பைவிட வேகமாகக்கூட வரும், பார்க்கத் தெளிவாகவும் இருக்கும். நனைந்த நுண்துளைகள் வழியே காற்று போகாது என்பதை வைத்து, ஊதிப் பார்த்துக் குமிழி வருகிறதா என்று சோதிக்கும் வசதி சில வகைகளில் உண்டு. அந்த வசதி இல்லாத வடிகட்டி குளிர்காலத்தில் எங்கே கிடந்தது என்று உறுதியாகத் தெரியவில்லை என்றால் புதியது வாங்குவதே சரி என்பது என் முடிவு. தம்பி இதில் என்னோடு வாதாடுவான்; நான் விட்டுக்கொடுப்பதில்லை. மாற்று வழியாகக் கொதிக்கவைத்தல் எப்போதும் இருக்கிறது: தளதளவென்று கொதி வந்தபின் 1 நிமிடம், 2,000 மீட்டருக்கு மேலான உயரத்தில் 3 நிமிடம். அதற்கும் சேர்த்துத்தான் எரிபொருள் கணக்குப் போடுகிறோம்.

திசைகாட்டியின் முள் எந்த முனையால் வடக்கைக் காட்டுகிறது என்று, தெரிந்த வடக்கோடு வைத்துப் பார்க்கிறேன். கைபேசியின் காந்தத்துக்குப் பக்கத்தில் மாதக்கணக்கில் கிடந்த முள் தலைகீழாக மாறிவிடுவதுண்டு. வரைபடத்தில் அச்சிட்ட ஆண்டையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் காந்த வடக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. 1831இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் அதை ஆர்க்டிக் கனடாவின் பூத்தியா தீபகற்பத்தில் கண்டார். இப்போது அது சைபீரியாவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. பழைய வரைபடத்தின் ஓரத்தில் அச்சிட்ட காந்த விலக்கத்தை (உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் இடையிலான கோணம்) அப்படியே எடுத்துக்கொண்டால், தீவுகள் நிறைந்த ஏரியில் தவறான நீர்வழிக்குள் போய் நிற்கலாம். 1:50,000 வரைபடத்தில் 2 சென்டிமீட்டர் என்பது ஒரு கிலோமீட்டர். ஒரு பாகை விலகினால் பத்து கிலோமீட்டரில் ஏறத்தாழ 175 மீட்டர் தள்ளிப் போய்விடுவோம்.

ஆபத்துக் காலத்தில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் பீக்கன் கருவி லைஃப் ஜாக்கெட்டில்தான் இருக்க வேண்டும், படகுப் பையில் அல்ல. காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு ஏற்பாடு 1982 முதல் இந்தச் சமிக்ஞைகளைப் பிடித்து மீட்புக் குழுக்களுக்குத் தந்துவருகிறது. 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் 406 மெகாஹெர்ட்ஸை மட்டுமே கேட்கின்றன, 121.5இல் மட்டும் ஒலிக்கும் மிகப் பழைய கருவி வீட்டில் கிடந்தால் அதை நம்பிக் கிளம்பாதீர்கள். பேட்டரி காலாவதித் தேதியைப் படியுங்கள். கருவியிலேயே உள்ள சுயசோதனைப் பொத்தானை மட்டும், அதுவும் அளவோடு அழுத்துங்கள். உண்மையான அபாயப் பொத்தானைச் ‘சும்மா பார்ப்பதற்காக’ அழுத்தினால் எங்கோ ஒரு மீட்புக் குழு கிளம்பிவிடும். பதிவு விவரங்களையும் திறந்து பாருங்கள். சமிக்ஞை வந்ததும் அவர்கள் முதலில் அழைப்பது அதில் உள்ள தொலைபேசி எண்களைத்தான். அந்த எண் மாறியிருந்தால் அங்கேயே நேரம் போய்விடும்.

மருந்துப் பெட்டியை முழுவதும் கொட்டி அடுக்குகிறேன். பிளாஸ்திரியின் பசை உலர்ந்திருக்கும், மாத்திரை ஈரத்தில் ஊறியிருக்கும். அன்றாடம் சாப்பிட வேண்டிய மருந்துகள் இரண்டு பைகளில் தனித்தனியாகப் போக வேண்டும். பழுதுப் பெட்டியில் எபாக்சிக் களிமண் (பிசைந்து அப்பினால் இறுகும் பசை), கம்பி, தடித்த ஊசி, மெழுகு நூல், பிறகு டக்ட் டேப். இரண்டாம் உலகப் போரின்போது வெடிமருந்துப் பெட்டிகளைத் திறக்கச் சிப்பாய்கள் படும் பாட்டை நினைத்து, தொழிற்சாலைப் பெண் ஊழியர் வெஸ்டா ஸ்டௌட் 1943இல் அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் எழுதிக் கேட்டுப் பெற்ற துணி டேப் அது. எவ்வளவு நல்ல டேப்பும் ஈரமான படகில் ஒட்டாது. அதனால் துடைத்து உலர்த்த ஆல்கஹால் பஞ்சுகளையும் அதே உறைக்குள் வைத்திருக்கிறேன்.

எல்லாம் தேறியபின் ஓர் ஒத்திகை உண்டு. பயணத்துக்குப் போகும் மொத்தச் சுமையையும் ஏற்றிக்கொண்டு, ஆழம் குறைந்த, குளிரில்லாத, அமைதியான நீரில் படகை இறக்குகிறோம். கரையில் ஒருவர் கட்டாயம் நிற்பார். முதலில் படகு நிற்கும் விதம்: முன்முனை அழுந்தியிருந்தால் பின்னாலிருந்து திருப்ப முடியாது, ஆகவே கனமான பை கொஞ்சம் பின்னால் வரும். நீர்மட்டத்துக்கும் விளிம்புக்கும் இடையே 15 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் எதையாவது இறக்கிவிடுவோம். அதன்பின் வேண்டுமென்றே கவிழ்க்கிறோம்.

இந்த ஒத்திகையைத் தவிர்த்துவிடாதீர்கள் என்று எல்லாரிடமும் கேட்டுக்கொள்கிறேன். கவிழ்ந்த ஒரு நிமிடத்துக்குள் எது மிதக்கிறது, எது மூழ்குகிறது, எந்தக் கயிறு காலைச் சுற்றுகிறது, கூடுதல் துடுப்பு கைக்கு வருகிறதா என்பது எல்லாம் தெரிந்துவிடும். பைகளைப் படகில் கட்ட வேண்டுமா, கட்டாமல் விட வேண்டுமா என்று படகோட்டிகள் வெகுநாளாக வாதிடுகிறார்கள். வேகமாகப் பாயும் ஆற்றில் ஆடாமல் அசையாமல் இறுக்கிக் கட்டுவதுதான் என் வழி. தொளதொளவென்று நீளக் கயிற்றில் தொங்கும் பை, நீரில் இருக்கும் ஆளுக்கு வலையாகிவிடும். அமைதியான ஏரியில் ஒரே கொக்கியில் எல்லாவற்றையும் கோத்துவிட்டால் போதும். கரைக்கு இழுத்துப் போக எளிது. எப்படிக் கட்டினாலும், ஒவ்வொரு கட்டும் ஈரக் கையால் ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். தம்பி தண்ணீரில் நின்றபடியே ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பான். அவிழாத முடிச்சைக் கரைக்கு வந்ததும் மாற்றிப் போடுவான்.

கரைக்கு வந்ததும் நனைந்த உடையோடு கடைசியாக ஒன்று பார்க்கிறோம். படகும் பைகளும் ஆற்றோடு போய்விட்டன, உடம்பில் இருப்பது மட்டும்தான் மிச்சம் என்று வைத்துக்கொண்டு ஜாக்கெட் பைகளைத் திறக்கிறோம். விசில், கத்தி, தீக்கோல், நீர்புகா உறையில் பற்றவைக்கும் பஞ்சு, பீக்கன், மடித்த மெல்லிய வெப்பக் காப்புப் போர்வை. அந்தப் பஞ்சைப் பிரித்து அங்கேயே தீ மூட்டுவோம். மூட்டியபின்தான் உடை மாற்றுவது.

பிறகு இருப்பது எழுத்து வேலை. எந்த வழியாகப் போகிறோம், ஒவ்வொரு இரவும் எங்கே தங்க எண்ணம், படகின் நிறம், கூடாரத்தின் நிறம், பீக்கன் எண், எங்கள் மருந்து விவரம், எந்த நாள் எந்த மணிக்குள் எங்களிடமிருந்து செய்தி வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதை எல்லாம் ஒரு தாளில் எழுதி, தொலைபேசியைக் கட்டாயம் எடுக்கும் ஒருவரிடம் நேரில் கொடுக்கிறோம். அவரை அந்த மணியையும் எண்ணையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன். இம்முறைத் தாள் எழுதியாகிவிட்டது, நாளை கொடுக்க வேண்டும். நுகக்கட்டையில் இடது பக்க வாஷர் ஒன்றும், ஒரு பையின் மூலையில் தடவிய பசை உலர்ந்ததா என்ற சோதனையும் இன்னும் பாக்கி இருக்கின்றன.